ஒரே செடிக்கு இரண்டு பேர்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் காளிதாஸ். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். இன்று செங் ஊரில் மூன்று லாரிக்குச் சொந்தக்காரர். யாரிடமும் வழி கேட்காமல் தெற்குக் கோடி ஜோகூரிலிருந்து வடக்குக் கோடி பெர்லிஸ் வரை லாரி ஓட்டியவர். அப்பேர்ப்பட்ட ஆளைக் காசநோய் மாத்திரை படுக்கப் போட்டது.

நுரையீரலுக்குத் தின்ற மாத்திரை ஈரலைக் கெடுத்துவிட்டது என்று எல்லாவற்றையும் நிறுத்தினார் டாக்டர் தாட்சாயினி. ஈரல் தேறினால்தான் மறுபடி மாத்திரை. மாத்திரை இல்லாவிட்டால் சளியில் ரத்தம் திரும்பிவிடும்.

காளிதாஸ் சும்மா இருக்கிற ஆளா? காலையில், மஸ்ஜித் தானா ஊர் மலாய்க் கூட்டாளி ஹம்சா அவித்துப் போத்தலில் கொடுத்த டுக்குங் அனாக் செடித் தண்ணீர். சாயங்காலம், பட்டறைக்குப் பின்னால் தானே பறித்து மோரில் அரைத்த கீழாநெல்லி.

"நேத்து மலாய் மருந்துதான் கேக்குதுன்னீங்க?" என்றாள் மனைவி சுசீலா.

"அது நேத்து லா. இன்னைக்கு நம்ம மருந்து முந்திருச்சு."

இரண்டு வாரத்தில் ரத்தச் சோதனையில் ஈரல் எண் நன்றாக இறங்கியிருந்தது. காளிதாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தன் செடியை டாக்டர் மேசையில் வைத்தார். பக்கத்தில், ஹம்சா தாளில் சுற்றிக் கொடுத்திருந்த செடியையும் அப்படியே வைத்தார்.

"எது குணப்படுத்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க டாக்டர்."

தாட்சாயினி தாளைப் பிரித்தார். இரண்டிலும் இலைக்கடியில் அதே குட்டிக் காய் வரிசை.

"அங்கிள், ரெண்டும் ஒரே செடி. பிள்ளையச் சுமக்கற மாதிரி காய் இருக்கறதால மலாய்ல டுக்குங் அனாக்னு பேரு."

சுசீலா அடக்க முடியாமல் சிரித்தாள். "ரெண்டு வாரமா ஒரே குதிரைய வச்சு ரேஸ் விட்டிருக்காரு டாக்டர்!"

"சரி, அந்த ஒரு செடிதானே குணமாக்குச்சு?" காளிதாஸ் விடவில்லை.

"இருக்கலாம். எலிக்குக் கொடுத்துப் பாத்ததுல பலன் தெரியுது. மனுஷனுக்கு இன்னும் உறுதியில்ல. மாத்திரைய நிறுத்தினாலே ஈரல் தானாவும் தேறும். உங்களுக்கு எதுன்னு எனக்குத் தெரியல அங்கிள். இனி மாத்திரைய ஒண்ணொண்ணா ஆரம்பிப்போம், எது கெடுத்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். நடுவுல இலையும் குடிச்சா ஒண்ணும் புரியாது. அத விட்டுருங்க."

காளிதாஸுக்குத் தலை சுற்றியது. காப்பாற்றியது என்று நம்பியதை விடச் சொல்கிறார். கெடுத்ததைத் தின்னச் சொல்கிறார். தெரியாது என்று ஒருவர் இத்தனை தெம்பாகச் சொல்லி அவர் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை சுசீலா முதல் மாத்திரையை நீட்டினாள். "இலை?"

"வேணாம்."

"அப்ப டாக்டர் சொன்னதுதான் சரிங்கறீங்க?"

"தெரியல சுசீ," என்று சொல்லி மாத்திரையை விழுங்கினார். விழுங்கிய பிறகும் தெரியவில்லை.