மகளுக்கு விட்ட மரம்

மார்கழி மாதம், செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு ஆம்பூரிலிருந்து கிளம்பினேன். அங்கே ஒரு தோல் ஷாப்பில் எனக்குக் குமாஸ்தா வேலை. தோல் பதனிட ஆவாரம்பட்டையோடு கடுக்காயும் வேண்டும். ஜவ்வாது மலையில் மலைவாசிகளின் கிராமம் ஒன்றில், ஊருக்குச் சொந்தமான கடுக்காய் மரங்கள் அத்தனையையும் பத்து வருஷக் குத்தகைக்கு எழுதி வாங்கிவர முதலாளி அனுப்பியிருந்தார். ஊர்க்கவுண்டரின் கைநாட்டு ஒன்றே போதும் என்றார்.

ஒடுகத்தூர் பதினேழு மைல். வண்டிக்காரர் காதர் பாய்க்குக் கூலி ஒன்றேகால் ரூபாய். மாதனூர் தாண்டியதும் வழியெல்லாம் வேர்க்கடலை பிடுங்கிய கொல்லைகள். ஒரு மணிக்கு ஒடுகத்தூர் சேர்ந்து, வண்டியை அங்கே விட்டுவிட்டு ஆறு மைல் மலையேறினேன். ஊர்க்கவுண்டர் வெள்ளையன் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டு, தன் வீட்டிலேயே தங்கவைத்தார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஊர் கூடியது. பெண்களும் சரிசமமாக வந்து உட்கார்ந்தார்கள். பத்திரத்தை நான் படித்து முடித்ததும் வெள்ளையன் வீடு வீடாகச் சம்மதம் கேட்கத் தொடங்கினார்.

"நீங்கதானே தலைவர்? நீங்க கைநாட்டு வெச்சா போதுமே" என்றேன்.

"தலைவன்தான் ஐயா. சண்ட வந்தா தீர்த்து வெப்பேன். திருவிழாவுக்கு நாள் குறிப்பேன். மரம் வூட்டுக்கு வூடு பங்கு. அதக் குடுக்க நான் யாரு?"

எல்லா வீட்டாரும் தலையாட்டினார்கள். கடைசியில் சடைச்சி என்ற அம்மாள் மட்டும் முடியாது என்றாள். அவள் பங்கு சுனையோரத்தில் ஒரே மரம். அதை விட்டுவிட்டு எழுத எனக்கு அதிகாரம் இல்லை. வெறுங்கையோடு திரும்பினால் வேலை என்னாகுமோ என்ற பயம் வேறு.

"ஒரு மரத்துக்காக ஊரே நிக்கணுமா?" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

"நிக்கும் ஐயா" என்றார் வெள்ளையன், கோபமில்லாமல்.

சடைச்சி என் பக்கம் திரும்பினாள். "அது எம் பொண்ணுக்கு உட்ட மரம். மலைக்கு அந்தாண்ட கட்டிக் குடுத்துக்கீறோம். வருஷா வருஷம் காய் பொறுக்க வருவா, பத்து நாள் இருப்பா. மரத்த உனுக்கு எழுதிட்டா அவ எதச் சொல்லிக்கினு வருவா?"

"பெத்த வூட்டுக்கு வரக் காரணம் வேணுமா?"

"கட்டிக் குடுத்தவ சும்மா வந்தா விருந்தாளி. தன் மரத்துக்கு வந்தா வூட்டுக்காரி."

அப்பா இறந்தபின் வீட்டில் பங்கு வேண்டாமென்று என் தங்கை எஸ்தரிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவன் நான்தான். இடம் காட்டியதும் அவள் படிக்காமலேயே போட்டாள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு அவள் வந்ததில்லை. நானும் ஏன் என்று போய்க் கேட்டதில்லை.

பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். காய் பொறுக்கியதும் உங்கள் ஷாப்புக்கே தருகிறோம், மரம் மட்டும் எங்களிடம் இருக்கட்டும் என்று வெள்ளையன் சொல்லியனுப்பினார். பின்னால் அதைக் கேட்ட முதலாளி என்னைப் பட்டைக் கிடங்கு வேலைக்கு மாற்றினார். அந்த ஊர்க் காய் மட்டும் வருஷம் தவறாமல் வந்தது.

புதன் மாலையே மலையிறங்கிவிட்டேன். வியாழக்கிழமை காலை ஒடுகத்தூரில் காதர் பாய் மாடுகளைப் பூட்டினார்.

"ஆம்பூருக்குத்தானே சார்?"

"இல்ல பாய். பாகாயம். தங்கச்சி வூட்டுக்கு."

"பதினெட்டு மைலு. அதுவும் வேற பக்கம். கூலி ஜாஸ்தி ஆவும்."

"ஆவட்டும்."

வழி நெடுக எங்கள் வீட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டு போனேன். எங்கள் அதிகாரமெல்லாம் பத்திரத்தில் இருந்தது, முத்திரையோடு, சாட்சிகளோடு. எஸ்தர் வந்து போக அதில் ஒரு வரிகூட இல்லை.

நாலரை மணிக்கு அவள் வீட்டு வாசலில் வண்டி நின்றது. எஸ்தர் எட்டிப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கை கதவைப் பிடித்துக்கொண்டது.

"இன்னாண்ணா... யாரு செத்துட்டாங்க?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லம்மா. உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

எஸ்தர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டி வண்டிக்காரரைப் பார்த்தாள்.

"மாட்ட அவுத்துக் கட்டுங்க பாய். அண்ணன் இன்னிக்கிப் போவாது."