பதினாறு நாள் எழுதாத கடிதம்

டோ சரோஜா காலமான செய்தி வந்தபோது நான் யாங்கோனின் லத்தா பகுதியில் ஒரு பள்ளியின் மாடிப்படியில் நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். வைபரில் ஒரே வரி, பர்மிய மொழியில்: ‘சயாமா இன்று காலை போய்விட்டார்.’ இங்கே ஆசிரியை சயாமா, ஆசிரியர் சயா; ‘டோ’ பெண்களின் பெயருக்கு முன்வரும் மரியாதைச் சொல். எண்ணிக்கை தப்பிப்போனது. மறுபடியும் முதல் வகுப்பறையிலிருந்து தொடங்கினேன். அவர் உயிரோடிருந்தாலும் அதைத்தான் செய்யச் சொல்லியிருப்பார்.

தகனத்துக்கு வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. “சயாமா நம்ம பேரு லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க” என்றார் பழைய உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர். நாங்கள் சிரித்தோம். யாரும் அழவில்லை. அவரை அறிந்தவர்களுக்காக எழுதுகிறேன் என்பதால், இல்லாத கனிவை அவருக்குச் சேர்த்து எழுதப்போவதில்லை.

ஓய்வு பெறும்வரை புவியியல் ஆசிரியை. அதன் பிறகு யாங்கோன் பள்ளிகளுக்கிடையே தடகளப் போட்டி நடத்தும் எங்கள் சிறிய குழுவின் செயலாளர். மேல்வகுப்புகளில் எத்தனை பிள்ளைகள் என்று ஆண்டுக்கு ஒருநாள் எண்ணி, அதன்படி பள்ளிகளைப் பெரியது, நடு, சிறியது என மூன்று பிரிவாக்குவது குழுவின் வழக்கம். நகர நடுவில் உள்ள பெரிய பள்ளியும் நகரோரத்து ஷ்வேப்யிதாவின் தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய பள்ளியும் ஒரே கோட்டில் நின்றால் அது போட்டியாக இருக்காது என்பார். விதிகளில் பாதி அவர் கையெழுத்தில் இருந்தவை. கியாக்டடாவில் குழுவின் மூன்றாம் மாடி அறையில், பஸ் இரைச்சல் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்க அவற்றைப் படித்துக் காட்டுவார்.

ஒருமுறை, பள்ளி மாறி வந்த ஓட்டக்காரன் ஒருவனின் மாற்றுச் சான்றிதழ் ஒருநாள் பிந்தி வந்து சேர்ந்திருந்தது. அவன் ஆணிக்காலணி கட்டிக் குனிந்து நின்றபோது மைதானத்துக்குள் நடந்து போய், தோளைத் தொட்டு எழுப்பி வெளியே அனுப்பினார். அவனுடைய ஆசிரியர் கெஞ்சினார். “ஸ்டார்ட்டிங் லைன் காலுக்கு மட்டுமில்ல, பேப்பருக்கும் உண்டு” என்றார் டோ சரோஜா. அன்று அவரை வாய்விட்டுத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

நான் அப்போது ஷ்வேப்யிதாவில் உடற்பயிற்சி ஆசிரியர். என்னிடம் நான்கு பெண்கள் கொண்ட தொடரோட்ட அணி இருந்தது. கடைசிச் சுற்று ஓடியவள் தேவி. நடுப் பிரிவில் தொடர்ந்து இரண்டு ஆண்டு கடைசி இடம். நேரங்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். சிறிய பிரிவில் ஓடியிருந்தால் இரண்டு ஆண்டும் கோப்பை எங்களுக்கே. எங்கள் பதிவேட்டில் இருந்த எண்ணிக்கை சிறிய பிரிவின் எல்லையை எட்டே எட்டுப் பேரால் தாண்டியிருந்தது.

மாதக்கணக்கில் வகுப்புக்கு வராத எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் தையல் ஆலைக்குப் போனவர்கள். அவர்களில் ஒருத்தி தேவியின் அக்கா வசந்தி. “ஒரு வருஷம் சம்பாதிக்கட்டும் சயா, அப்புறம் வந்து பரீட்சை எழுதுவா” என்று அவள் அம்மா என்னிடமே சொல்லியிருந்தார். பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. எண்ணிக்கை நாளுக்கு முந்தின தினம் எட்டுப் பெயர்களையும் சிவப்பு மையால் அடித்து, ‘தாமாக விலகினர்’ என்று எழுதினேன். தலைமையாசிரியை நான் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார்.

எங்கள் பதிவேட்டின் நகலை வாங்கியபோது டோ சரோஜா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எட்டு பேரும் போயிட்டாங்களா, சயா?”

“போயிட்டாங்க, சயாமா.”

“திரும்பி வர மாட்டாங்களே?”

“வர மாட்டாங்க.”

அந்த ஆண்டு கோப்பையை வென்றோம். தேவி கடைசி வளைவில் இரண்டு பேரைத் தாண்டினாள். நான் மைதானத்தில் மண்டியிட்டு அழுதேன்.

அடுத்த பருவத்தில் ஆலை மூடப்பட்டு வசந்தி பள்ளிக்குத் திரும்பினாள். பதிவேட்டில் பெயர் இல்லை. இறுதித் தேர்வுக்குப் பதிவு செய்ய வேண்டுமானால், பெயர் தவறாக அடிக்கப்பட்டது என்று அடித்த ஆசிரியரே எழுதித் தர வேண்டும் என்றார்கள் தேர்வு அலுவலகத்தில். பழைய பதிவேட்டின் நகல் குழுவிடம் இருப்பதைக் கேள்விப்பட்டு அவள் அம்மா கியாக்டடாவுக்குப் போனார். மறுநாளே டோ சரோஜா என்னை அழைத்தார். மேசையில் அந்த நகல் விரிந்து கிடந்தது.

“கடிதம் எழுதுங்க. பதிவு மூட இன்னும் பதினாறு நாள் இருக்கு.”

“எழுதினா கோப்பை என்னாகும், சயாமா?”

“ஒரு பேர் திரும்பி வந்தாலும் நீங்க நடுப் பிரிவு. கோப்பை போகும்.”

“எங்க புள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க? என்னைத் தண்டிங்க.”

“டீச்சரைத் தண்டிக்க விதி இல்ல. பள்ளிக்குத்தான் இருக்கு. விதியை நான் எழுதினப்ப டீச்சர் பொய் சொல்லுவார்னு நினைக்கல.”

நான் எழுதவில்லை. நாளை, நாளை என்று சொல்லிக்கொண்டேன். தேவிக்கு ஒரு கல்லூரியில் விளையாட்டு இடம் கிடைக்கும் போலிருந்தது. அது முடியட்டும் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். உண்மைக் காரணம், அந்தக் கோப்பை என் மேசைமேல் இருந்தது. அவரும் ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. பதினாறாம் நாள் மாலை பதிவு மூடப்பட்டது. பதினேழாம் நாள் அவர் எங்கள் பள்ளிக்கு வந்தார்.

நான்கு பெண்களையும் பெற்றோரையும் மைதானத்தில் நிறுத்தினார். பதக்கங்களை ஒவ்வொன்றாக வாங்கி உறையில் போட்டு, ஒவ்வொருத்தியிடமும் கையெழுத்து வாங்கினார். தேவி மட்டும் கேட்டாள்:

“நாங்க என்ன தப்பு பண்ணோம், சயாமா?”

“ஒண்ணும் பண்ணல.”

“அப்புறம் ஏன் எங்ககிட்ட வாங்குறீங்க?”

“சயாகிட்ட மெடல் இல்லையே.”

பிறகு எல்லார் முன்னிலையிலும், வானிலை சொல்லும் குரலில் சொன்னார்: “உன் அக்கா பேரை அடிச்சுத்தான் இந்த மெடல் வந்துச்சு. அந்தப் பேரைத் திருப்பி எழுத உங்க சயாவுக்குப் பதினாறு நாள் இருந்துச்சு. எழுதல. அக்கா இனிமே இந்த வருஷம் பரீட்சை எழுத முடியாது.” வசந்தியின் அம்மா தேவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பள்ளிக்கு ஓராண்டுத் தடை. அணி கலைந்தது. தேவி அதன் பிறகு ஓடவில்லை. கல்லூரி இடமும் வரவில்லை. வசந்தி வேறோர் ஆலைக்குப் போய்விட்டாள்.

என்னைத் துரத்துவார்கள் என்று காத்திருந்தேன். குழுவிலிருந்து வந்த கடிதமோ, இனி எண்ணிக்கை நாளில் பள்ளிகளுக்குப் போய்ச் சரிபார்க்கும் வேலை என்னுடையது என்றது. பதிவேட்டில் பெயர் அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கே போய்க் கேட்டு வர வேண்டும். ஏன் நான் என்று கேட்டேன்.

“எப்படி அடிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமே.”

அத்தனை ஆண்டும் அந்த அறையில் எல்லாருக்கும் தேநீர் ஊற்றித் தந்தவர், எனக்கு மட்டும் கெட்டிலைக் கையால் காட்டுவார். என் மனைவி இறந்தபோது இரங்கல் சொல்லவில்லை. என் பங்குப் பள்ளிகளை அந்த வாரம் தாமே போய் எண்ணிவிட்டு, தாளை மட்டும் என் மேசையில் வைத்திருந்தார்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். எலும்பும் தோலுமாகக் கட்டிலில் கிடந்தார். பல ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“நீங்க நினைச்சிருந்தா, சயாமா, என் கடிதம் இல்லாமலே அந்த நகலை எடுத்துக்கிட்டு நேரா பரீட்சை ஆபீசுக்குப் போய்ப் பேசியிருக்கலாம்.”

கூரையைப் பார்த்தபடி சொன்னார்: “போயிருக்கலாம். நீங்க எழுதுறீங்களான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு பேருமா சேந்து அந்தப் பொண்ணைக் கெடுத்தோம்.”

“என்னை மன்னிச்சிடுங்க.”

“நீங்க என் பேரையா அடிச்சீங்க? அவ ஷ்வேப்யிதாவுலதான் இருக்கா. பஸ் போகுது.” சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

தகனம் முடிந்த மறுநாள் ஷ்வேப்யிதாவுக்குப் போனேன். ஆலை வாசலில் மதிய இடைவேளைக்குக் காத்திருந்தேன். வசந்தி சோற்றுக் கேரியரோடு வந்தாள். தலையில் நூல்பிசிறு. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். டோ சரோஜா இறந்ததைச் சொன்னேன். பிறகு, எழுதாத கடிதத்தைப் பற்றி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். பாதியில் கை காட்டி நிறுத்தினாள்.

“தெரியும், சயா. அன்னைக்கே அம்மா வந்து சொல்லிட்டாங்க. தங்கச்சிதான் ரொம்ப நாள் நம்பல. சயா எழுதியிருப்பார், ஆபீஸ்ல தொலைச்சிருப்பாங்கன்னே சொல்லிக்கிட்டிருந்தா.” கேரியரைத் திறந்து, மூடினாள். “இப்ப எதுக்கு வந்தீங்க? பரீட்சைக்குப் பேர் குடுக்கவா?”

அவள் சற்றுத் தள்ளிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டாள். மணி அடித்ததும் உள்ளே போனாள்.

டோ சரோஜாவிடமிருந்து நீங்கள் எதை எடுத்துக்கொள்வீர்களோ எனக்குத் தெரியாது. நேர்மை என்று சிலர் சொல்கிறார்கள். கல்நெஞ்சம் என்று சிலர். இரண்டுமே அவரிடம் இருந்தன. அவர் என்னை மன்னிக்காமலே போனார். நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.