இரண்டாவது அமுக்கு

அவர் விமானத் துறைப் பொறியாளர். கல்யாணப் பேச்சின்போது பெண் வீட்டில் அவ்வளவுதான் சொன்னார்கள். விமானத்தில் எந்தப் பகுதி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கக்கூஸ் என்று சொல்லியிருக்க வேண்டும். பொத்தானை அமுக்கினால் பேய் உறிஞ்சுவதுபோல ஒரு சத்தம் வருமே, அந்த வால்வைத்தான் அவருடைய கம்பெனி செய்கிறது. அதை விமானம் செய்கிறவர்கள் தலையில் கட்டுவது இவர் பாடு.

"ஆகாயத்துல வேலைன்னு சொன்னாங்க, கடைசியில ஆய் போற இடத்துலதானா மாமா?" என்பான் மனைவியின் தம்பி.

"அடுத்த தடவை பறக்கும்போது இறங்கற வரைக்கும் அடக்கிக்கிட்டு உட்காரு. அப்புறம் பேசு."

வாங்குகிறவர்கள் அனுப்பும் நிபந்தனைப் பட்டியல் தலையணை கனம் இருக்கும். ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே 'ஆம்', 'ஓரளவு', 'இல்லை' என்று மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். மற்ற கம்பெனிக்காரர்கள் மேலிருந்து கீழ்வரை 'ஆம்' என்று இழுத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். இவருக்கு நாலு இடத்திலாவது 'ஓரளவு' போடாவிட்டால் சோறு இறங்காது. அலுவலகத்தில் அவர் பெயரே ஓரளவுதான்.

ஒருமுறை பெரிய ஆர்டர் ஒன்றுக்கான பட்டியலில் ஒரு நிபந்தனை உதைத்தது. இரவெல்லாம் மைனஸ் ஐம்பத்தைந்து டிகிரியில் கிடந்தாலும், காலையில் அமுக்கியவுடன் வால்வு திறக்க வேண்டும். இவர்களுடையது முதல் அமுக்குக்கு முனகும், அவ்வளவுதான். இரண்டாவதற்குத்தான் திறக்கும்.

"யோவ் ஓரளவு, ரெண்டாவது தடவை திறக்குதுல்ல? அப்ப திறக்குது. ஆம்னு போடு" என்றார் மேலாளர்.

"'அமுக்கினவுடனே'ன்னு கேட்டிருக்காங்க சார்."

"உள்ள இருக்கறவன் ஒரு தடவை அமுக்கிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிப்பானா? இந்த ஆர்டர் போச்சுன்னா உன் பிரிவை மூடிடுவாங்க. வேற ஊர்க் கிடங்குல போய் நட்டு எண்ணிக்கிட்டிரு."

வேறு ஊர் என்றதும் அவருக்கு மகள் ஞாபகம் வந்தது. யாரிடமும் ஒட்டாத பிள்ளை அவள். இந்தப் பள்ளியில்தான், அதுவும் இப்போதுதான், ஒரு தோழியைப் பிடித்திருந்தாள்.

"ஆம்னு போட்டா யாரும் சாக மாட்டாங்கல்ல?" என்று, விஷயம் தெரிந்ததும், கேட்டாள் மனைவி. மகளும் பக்கத்தில்தான் இருந்தாள்.

"சாக மாட்டாங்க. செத்துடலாம் போல இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. "பொய் எழுதிட்டு வந்து ராத்திரி பூரா புரளுவீங்க. என் தூக்கமும் போகும். எதுவோ பண்ணுங்க."

'ஓரளவு. இரண்டாவது அமுக்கில் திறக்கும்' என்று எழுதி அனுப்பினார். அந்தத் தலையணைப் பட்டியலை மேலாளர் எங்கே படிக்கப் போகிறார்? வாங்குகிறவர்களின் கூட்டத்தில்தான் மேலாளருக்கு அது தெரிந்தது. மேசைக்கு அடியில் இவர் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"மத்த எல்லாரும் இதுக்கு ஆம்னு போட்டிருக்காங்க. நீங்க மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்டார் வாங்குகிற பக்கத்துப் பொறியாளரான ஒரு அம்மா.

"உறைஞ்சிடுது மேடம். முதல் அமுக்குல உள்ள இருக்கற ஐஸ் உடையுது. ரெண்டாவதுல திறக்குது."

"முதல் அமுக்குல ஏதாவது ஒழுகுமா?"

"ஒரு சொட்டு ஒழுகாது. நானே அடியில படுத்துப் பார்த்தேன்."

"வாயை மூடிக்கிட்டுத்தானே?"

மேலாளர்தான் முதலில் சிரித்தார்.

"குளிர்ல நின்ன விமானம்னா, பயணிங்க ஏறறதுக்கு முன்னாடி ஆளு போய் எல்லாப் பொத்தானையும் ஒரு தடவை அமுக்கிப் பார்க்கணும்" என்றார் அந்த அம்மா. "அது எப்பவும் உள்ள வழக்கம். முதல் அமுக்கு அந்த ஆளோடது, தொந்தரவில்ல. மத்த கம்பெனிங்களோட வால்வு எத்தனாவதுல திறக்கும்னுதான் எனக்குத் தெரியணும். எல்லா வால்வையும் கொண்டு வரச் சொல்றேன், உறைய வெச்சுப் பார்த்துடுவோம்."

பார்த்தார்கள். முதல் அமுக்கில் எவருடையதும் திறக்கவில்லை. இரண்டாவதில் திறந்தது இவர்களுடையது மட்டும்தான். இன்னொன்று ஆறாவதில் திறந்தது, அதுவும் ஒழுகிக்கொண்டே. ஆர்டர் கையெழுத்தானது. மேலாளர் நடைவழியில் நின்று முதலாளிக்குப் போன் போட்டு, "நான்தான் சார் ஓரளவுன்னு போடச் சொன்னேன்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

இவர் ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் செய்தார். பள்ளிவிட்டு வந்திருந்த மகள் எடுத்தாள்.

"ஊர் மாற வேண்டாம்டா."

"அய்யோ அப்பா! இன்னிக்குத்தான் அவளுக்கு டாட்டா சொல்லி, அழுது, என் பென்சில் டப்பாவையும் குடுத்துட்டு வந்தேன்!"

"நாளைக்குப் போய்த் திருப்பிக் கேளு."

"குடுத்ததைக் கேக்கறதா? மானம் போயிடும்பா."

"சரி, வேற வாங்கிக்கலாம்."

"வேணாம்" என்றாள். "அவ பக்கத்துலதானே உட்காருவா. வேணுங்கறப்ப எடுத்துக்கறேன்."