மேலே மிதந்த மஞ்சள்

திருப்பதி ஃபிளாட்டில் மகள் அறைக்கு வாசனை பரப்பும் ஒரு சின்ன மிஷினில் எண்ணெய் விட்டாள். "ரெண்டு சொட்டு போதும்மா, தலைவலி போயிடும்." எலுமிச்சைப்புல் வாசனை. நான் புத்தூர்ப் பக்கம் எங்கள் கழனிக்கே போய்விட்டேன்.

நைனா காலமெல்லாம் கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சியவர். ஒரு வருஷம் யார் பேச்சையோ கேட்டு எலுமிச்சைப்புல் நட்டார். முதல் அறுப்பு ஒரு வண்டிப் புல். எண்ணெய் எடுக்க, மூடிய டிரம்மில் அதை வேகவைத்தோம். ஆவி குழாய் வழியே குளிர்ந்து, குடத்தில் தண்ணீராய்ச் சொட்டியது. மேலே மஞ்சளாய் ஒரு படலம் மிதந்தது. வெல்லப் பாகில் பொங்கிவரும் அழுக்கை வழித்து எறிந்தே பழகிய கை. நைனா அதையும் கரண்டியால் வழித்து வரப்பில் வீசினார். எண்ணெய் மொத்தமும் அதுதான்.

மறுகணம் காற்றே மாறிவிட்டது. மேய்ந்துகொண்டிருந்த மாடு தலை தூக்கியது. வீட்டிலிருந்த அம்மா, "இன்னாத்த கொட்னீங்க?" என்று கேட்டபடி ஓடிவந்தாள்.

நைனா மண்ணை அள்ளி முகர்ந்தார். அழப்போகிறார் என்று பயந்தேன். அவர் கண் விரிந்திருந்தது. "வெல்லத்துல அழுக்குதான் மேல வரும். இதுல உசுரே மேல வந்துக்கினு கீது பாப்பா!"

"இன்னொரு சொட்டு விடட்டுமாம்மா?" மகள் கேட்டாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேணாம்டி. அந்த ரெண்டு சொட்டுக்குள்ள ஒரு கழனியே கீது."