தலைகீழாகத் தொங்கிய காடை

காலை ஒன்பது இருபதுக்கு மகளின் காடை காணாமல் போனது.

செத்த காடைதான். வாங்கப் போனபோது கறிக்கடைக்காரர், "வறுவலுக்கா, குழம்புக்கா?" என்று கேட்டார். "பறக்குற மாதிரி வைக்க" என்றாள் மகள். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, இறகு பிடுங்காமல் அறுத்துக் கொடுத்தார்.

தோலை இறகோடு உரித்து, மருந்து தடவி, உள்ளே மரச்சுருள் அடைத்து, இறக்கைகளுக்குள் கம்பி கோத்து, புதரிலிருந்து சட்டென்று எழும்புவதுபோல் வளைத்திருந்தாள். விரித்த இறகுகள் கலையாமலிருக்கக் காகிதப் பட்டைகள், குண்டூசிகள். ராயபுரத்துக் கடல்காற்றில் துணியே காயாது, காடை எங்கே காயும்? வாரக்கணக்கில் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் பறந்துகொண்டிருந்தது. அதன் எதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

விலங்கியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தவள் அவள். ஓர் அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பதப்படுத்தும் பிரிவில் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. ஆட்டோவில் கொண்டுவந்தால் இறக்கை நசுங்கிவிடும் என்று கெஞ்சியதால், அந்தப் பிரிவை நடத்தும் அம்மையாரே வீட்டுக்கு வந்து பார்க்கச் சம்மதித்திருந்தார். அன்றுதான் அந்த நாள். மகள் பட்டைகளை எடுத்துவிட்டு, காடையை மொட்டைமாடி நிழலில் ஒரு பலகைமேல் வைத்து, "அம்மா, காக்கா வராம பாத்துக்கோ" என்று குளிக்கப் போனாள்.

கீழே போன் அடித்தது. அம்மையார்தான். டோல்கேட்டில் நின்று வழி கேட்டார். சொல்லிவிட்டு மேலே ஏறினால் பலகை இருக்கிறது, காடை இல்லை.

நான் முதலில் வானத்தைத்தான் பார்த்தேன். படித்தவள்தான், இருந்தாலும் பார்த்தேன். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேடினேன். சுவர்மேல் படுத்திருந்த பூனையின் வாயைப் பார்த்தேன். ஈரத்தலையோடு ஓடிவந்த மகள் மண்டியிட்டு, உதிர்ந்த இறகு ஏதாவது கிடக்கிறதா என்று தரையைத் தடவினாள். அது திட்டுவதைவிட மோசம். பக்கத்து மாடியில் காக்கைகள் கூச்சலிட்டன. எட்டிப் பார்த்தேன்.

அங்கே கருவாட்டுக்கார அக்கா மீன் காயவைத்திருந்தார். காக்கை அண்டாமலிருக்க, செத்த காக்கை ஒன்றைக் கம்பில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். அவருடைய காக்கை முந்தின நாள் காற்றில் போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் எங்கள் காடை தொங்கியது. கீழே காக்கைகள் சாவகாசமாக வாளைமீன் தின்றுகொண்டிருந்தன. ஒன்று கம்பின்மேல் உட்கார்ந்து காடையின் வாலைக் கோதிக்கொண்டிருந்தது.

நான் கத்தியதும் அக்கா காடையை அவிழ்த்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். சண்டை போட வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"இன்னாம்மா உன் பொண்ணு செஞ்சி வச்சிக்கீது? செத்ததாச்சேன்னுதான் எட்த்தேன். காலக் கட்டி தொங்கவுட்டாகூட அது பாட்டுக்கு பறந்துகினே கீது. ஒரு காக்காவாச்சும் பயந்துச்சா? தோஸ்துன்னு நெனச்சு பக்கத்துல குந்திகினு என் மீனையெல்லாம் துன்னுட்சு."

"அக்கா, அது அவ வேலைக்காகச் செஞ்சது."

"இத்தப் பாத்து எவன் வேலை குடுப்பான்? செத்தத செத்த மாதிரி செய்யத் தெர்ல."

அக்காவுக்குப் பின்னால் படிக்கட்டில் ஓர் அம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. விளக்கம் சொல்ல நினைத்தேன். "காபி குடிக்கிறீங்களா?" என்றுதான் வந்தது.

அவர் அக்காவின் கையிலிருந்து காடையை வாங்கினார். இறக்கையின் அடியைப் பார்த்தார். திருப்பினார். முகர்ந்தார். மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்க மியூசியத்துல பாடம் பண்ண கழுகு ஒண்ணு இருக்கு. அதப் பாத்து இதுவரைக்கும் யாரும் இப்படிக் குறை சொன்னதில்ல" என்றார் அம்மையார். "வால்ல ரெண்டு இறகு போயிருக்கு, ஒட்டிக்கலாம். திங்கட்கிழமை வந்துடும்மா. இந்தக் கருவாட்டு வாடை போற வரைக்கும் காடை மட்டும் இங்கயே இருக்கட்டும்."