வெடிமருந்து அறைச் சுவரில் ஒரு பெயர்

செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து போன் வந்தது. "சாருங்க, அம்மா போயிட்டாங்க" என்றார் சரோஜினி அம்மையாரின் மகள். வாய் கொப்பளிக்கவும் மறந்து நின்றேன். துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. அவருக்குச் செய்து தருவதாகச் சொன்ன வேலை ஒன்று அப்படியே கிடந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோவையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் முப்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் வரைபடம் வரைவார், நான் சரிபார்ப்பேன். வரைந்தவரே சரிபார்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒவ்வோர் அளவுக்கும் நான் சிவப்புப் பென்சிலில் டிக் போட்டால்தான் தாள் வெளியே போகும். என் கெடுபிடியைப் பார்த்து மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் மட்டும், "சார் பாத்துட்டா நாம நிம்மதியா ஊட்டுக்குப் போலாமுங்க" என்பார்.

அவருடைய அப்பா கருப்பண்ணன், தாராபுரத்துக் கொத்தனார். இரண்டாம் உலகப் போரின்போது மலையாளக் கடற்கரையில் கான்கிரீட் பீரங்கித் தளம் கட்ட ஆள் பிடித்தார்கள், அவரும் போனார். இரண்டு பீரங்கி மேடைகள், தரைக்கடியில் வெடிமருந்து அறை, கப்பல் வருகிறதா என்று பார்க்க மேட்டில் ஒரு கோபுரம். போர் முடியும்வரை ஒரு பகைக் கப்பலும் வரவில்லை. பீரங்கிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள், கான்கிரீட் நின்றது. சிமெண்டுத் தூசியை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய கருப்பண்ணன், மகளுக்குப் பத்து வயதாகும்போது இருமி இருமியே செத்துப்போனார். "மருந்தறைச் செவுத்துல பூச்சுக் காயறதுக்குள்ள எம்பேர எழுதிப்போட்டேன் கண்ணு" என்று மகளிடம் சொல்லியிருந்தாராம்.

ஓய்வுபெற்றதும் அந்தத் தளத்தின் வரலாற்றை எழுத ஆரம்பித்தார் அம்மையார். பஸ்ஸிலும் ரயிலிலும் போய், டேப் பிடித்து, சுவர் சுவராக அளந்து வரைந்தார். முடித்ததும் என்னிடம்தான் கொடுத்தார். பழைய ராணுவ ஆவணங்களோடு ஒப்பிட்டு எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன், ஒரு வரிக்குத் தவிர. 'இத்தளத்தைக் கட்டிய கொத்தனார்களில் ஒருவர் தாராபுரம் கருப்பண்ணன்.'

அந்த ஆவணங்களில் அதிகாரிகளின் பெயர்கள்தான் இருந்தன. அவர் ஒரு டிரேசிங் தாளை நீட்டினார். சுவரில் இருந்த அப்பாவின் பெயரை அதில் ஒற்றி எடுத்து வந்திருந்தார்.

"இதையும் நீங்கதானே எடுத்தீங்க? நான் நேர்ல பாக்காம டிக் போடமாட்டேனுங்க" என்றேன். என்ன திமிர் எனக்கு.

அவர் கோபிக்கவில்லை. "அப்பச் சரிங்க. நீங்க வந்து பாத்ததுக்கப்புறம் சேத்துக்கலாம்" என்றார். அந்த வரி இல்லாமலே புத்தகம் அச்சாயிற்று.

பிறகு வருடாவருடம் கேட்பார். "ஏனுங்க சார், இந்த வருசமாச்சும் வாரீங்களா?" முதலில் மகள் கல்யாணம் என்றேன். அப்புறம் முழங்கால் வலி, அப்புறம் மழை. "அடுத்த வருசம் கண்டிப்பா வாரேனுங்க" என்பது எனக்கு வாய்ப்பாடாகிவிட்டது. கடைசி இரண்டு வருடமாக அவர் கேட்கவில்லை. மறந்துவிட்டார் என்று எண்ணி, உள்ளூர நிம்மதிப்பட்டேன்.

கருமாதி முடிந்த மறுநாள், சிவப்புப் பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். அங்கே ஒரு பீரங்கி மேடைதான் இருந்தது. மற்றவை இருந்த இடத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது. வெடிமருந்து அறை இரண்டு மழைக்காலத்துக்கு முன்பே இடிந்து கடலுக்குள் போய்விட்டது என்றார் டீக்கடைக்காரர். கோவையிலிருந்து வயதான அம்மா ஒருவர் வருவாராம். இடிந்த பிறகும் வந்தாராம். கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனாராம்.

கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு எத்தனை முறை என் வீட்டுக்கு வந்திருப்பார்! முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். அறை இடிந்துபோனதை மட்டும் சொல்லவே இல்லை.

அம்மா, பார்க்காத ஒன்றுக்கு நான் டிக் போடுவது இதுதான் முதல்முறை. நீங்கள் கொடுத்த புத்தகத்தில் அந்த வரியை என் கையாலேயே எழுதினேன். இத்தளத்தைக் கட்டிய கொத்தனார்களில் ஒருவர் தாராபுரம் கருப்பண்ணன். பக்கத்தில் சிவப்பு டிக்கும் போட்டுவிட்டேன். கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. போய் வாருங்கள்.