ஒட்டகச்சிவிங்கிக்கு அம்மா குரல்

மகள்களே, நீங்கள் இருவரும் பக்கத்து வீட்டு அத்தையிடம் என்னைப் பற்றிப் பிராது கொடுத்தது எனக்குத் தெரியும். அத்தை என்னை வழியிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏம்ப்பா, பொம்மப் படத்த நீ பாத்துக்கினு, புள்ளைங்கள செவுத்தப் பாத்து உக்கார வெக்கிறியாமே? இன்னா நியாயம் இது?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கான பதிலைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

அது பொம்மைப் படம்தான். ஆனால் பெரியவர்களுக்காக எடுத்தது. அப்படி ஒன்று உண்டு என்று எனக்கும் தெரியாது. பொம்மைப் படம் என்றால் யாராவது யாரையாவது துரத்துவார்கள், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் யாருக்கும் வலிக்காது என்றுதான் நினைத்திருந்தேன். இதில் எல்லோருக்கும் வலித்தது.

உங்கள் அம்மா மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய் மூன்றாவது வருஷம் அது. முதலில் போனில் விடாமல் பேசிக்கொண்டிருந்தோம். போகப்போகப் பேச்சு தேய்ந்துவிட்டது. "சாப்ட்டீங்களா?" "சாப்ட்டேன். நீ?" "சாப்ட்டேன். புள்ளைங்க?" "அதுங்களும் சாப்ட்டுச்சிங்க." அதோடு முடிந்துவிடும். நான் கிழங்கு வண்டி ஓட்டுகிறவன். இன்றைக்கும் மலை ஏறினேன், இறங்கினேன் என்று எத்தனை நாள்தான் சொல்வது?

அப்போதுதான் அம்மா இந்தத் தொடரைப் பற்றிச் சொன்னாள். கூடத் தங்கியிருக்கும் கேரளத்து நர்ஸ் போட்டுக் காட்டினாளாம். உலகம் முழுக்கப் பாராட்டிய தொடராம். "நீங்களும் பாருங்க. பேசறதுக்கு எதுனா இருக்கும்" என்றாள். எனக்கு அந்த இங்கிலீஷ் எங்கே புரியும்? நான் பத்தாவது. தமிழிலும் அது வரவில்லை.

"படத்த நீங்க பாருங்க. கதைய நான் சொல்றேன்" என்றாள்.

அம்மா தன் லீவு நாளில் ஒரு பாகத்தைப் பார்த்துக்கொண்டே தமிழில் பேசிப் பேசி அனுப்புவாள். வெள்ளிமலையில் மரவள்ளி ஏற்றிக்கொண்டு இறங்கும்போது வழியெல்லாம் டவர் இருக்காது. கச்சிராயபாளையம் நெருங்கியதும் சட்டைப்பையில் போன் மொத்தமாகத் துடிக்கும். அந்தத் துடிப்புக்காகவே கடைசி வளைவுகளில் என் கால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும். பிறகு சின்னசேலம் மில்லில் கிழங்கைக் கொட்டிவிட்டு, நைனார்பாளையம் வந்து, கையைக் காலைக் கழுவி, டிவி முன்னால் உட்கார்வேன்.

"டிவி சத்தத்த சுத்தமா கம்மி பண்ணிடுங்க. பாட்டு முடிஞ்சி கதவு தெறக்கும் பாருங்க, அப்ப என் வாய்ஸ ஓட வுடுங்க" என்று அம்மா முதலிலேயே சொல்லியிருந்தாள்.

கதை இதுதான். ஒரு ஒட்டகச்சிவிங்கி, வயசான ஆம்பிளை. ஒரு காலத்தில் சர்க்கஸில் பெரிய பெயர். இப்போது நகரத்தில் தாழ்ந்த கூரை போட்ட வாடகை வீட்டில் தனியாக இருக்கிறார். கழுத்து நிமிர முடியாமல் கூரையில் ஓட்டை போட்டுவிட்டார். தலை மேல்வீட்டு ஹாலில் போய் நிற்கிறது. மேல்வீட்டில் ஒரு ஆமை அம்மா, டீச்சர். முதல் நாள் அலறினாள். அப்புறம் அவர் கழுத்தைச் சுற்றி ஒரு துணியை மடித்து வைத்தாள், உரசாமல் இருக்கட்டும் என்று. தரையோடு கிடக்கும் அந்தத் தலையும் ஆமையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசிக்கொள்வார்கள்.

ஒட்டகச்சிவிங்கிக்கும் உங்கள் அம்மா குரல்தான், ஆமைக்கும் அவள் குரல்தான். தபால்காரர், போலீஸ் எல்லோருமே நம் வீட்டுப் பேச்சைத்தான் பேசினார்கள். சில நாள் குரல் முந்திவிடும். "ஐயோ, அழுவறாரு பாருங்க" என்பாள் அம்மா. திரையில் அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். அழுகை வந்து சேர்வதற்குள் எனக்கு இங்கே கண் கலங்கியிருக்கும்.

அந்தக் குரல் கேட்டுத்தான் நீங்கள் ஓடி வந்தீர்கள். படம் உங்களுக்கு ஆகாது. அதில் குடி உண்டு, பெரியவர்களின் சண்டை உண்டு. குரலை மட்டும் எப்படி உங்களுக்கு இல்லை என்று சொல்வது? அதனால்தான் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தேன். நீங்களும் கேட்கிறீர்கள் என்று தெரிந்ததும் அம்மா கதையை மாற்றிவிட்டாள். திரையில் அவர் பாட்டிலை வாயில் சாய்த்துக்கொண்டிருப்பார். "இப்ப மோர் குடிக்கிறாரு" என்பாள்.

"எவ்ளோ மோருப்பா குடிப்பாரு அவரு?" என்று சின்னவள் கேட்டாள்.

"வெயில் ஜாஸ்தி அங்க" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அம்மா போனில் கேட்டாள். "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கியான்னு ஆஸ்பத்திரில கேக்கறாங்க. இன்னா சொல்லட்டும்?"

என் நெஞ்சு முழுக்க 'வந்துடு' என்றுதான் இருந்தது. ஆனாலும் படித்தவள், சொந்த உழைப்பில் நிற்கிறவள், அவளை மறிக்க நான் யார் என்று தோன்றியது. "உன் இஷ்டம்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அம்மா, "சாப்ட்டீங்களா?" என்றாள்.

அடுத்த பாகத்துக்கு அவள் குரலே வரவில்லை. இரண்டு வரி எழுதியிருந்தாள். 'இதுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்ல. சத்தம் வச்சிப் பாருங்க.'

நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். தனியாகப் பார்த்தேன். ஆமைக்கு வேறு ஊரில் வேலை கிடைக்கிறது. அவரிடம் வந்து ஏதோ கேட்கிறாள். அவர் சின்னதாக ஏதோ சொல்லிவிட்டு, தலையை ஓட்டை வழியாகக் கீழே இழுத்துக்கொள்கிறார். அவள் படியில் இறங்குகிறாள். ஆமை நடைதானே, ஒவ்வொரு படிக்கும் ஒரு யுகம் ஆகிறது. அவர் கதவுக்குப் பின்னால் குனிந்து நின்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கூப்பிட எவ்வளவோ நேரம் இருந்தது. அவள் ஒவ்வொரு படியிலும் நின்று திரும்பிப் பார்க்கிறாள். அவர் கூப்பிடவில்லை. பாகம் முழுக்க அவ்வளவுதான்.

அவர் சொன்ன இங்கிலீஷ் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

உடனே போன் போட்டேன். டூட்டியில் இருந்தாள், எடுக்கவில்லை. அதுவரை நான் குரல் பதிந்து அனுப்பியதே கிடையாது, வெட்கம். அன்றைக்கு அனுப்பினேன். "வந்துடு. புள்ளைங்களுக்காவ சொல்லல. எனக்கோசரம்தான் சொல்றேன். வந்துடு."

சாயந்திரம் அம்மா கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினாள்.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாங்க? நேத்துதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

"ரெண்டு வருஷமா?"

"ஒண்ணுன்னு எழுதிக் குடுத்தேன். உங்க இஷ்டம் ரெண்டுன்னா மாத்திடட்டுமா?"

"அடிப்பேன்" என்றேன். மஸ்கட்டில் சிரித்தாள்.

அந்த ஒரு வருஷம்தான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னெல்லாம் இவ்வளவு மெதுவாக நாள் போனதில்லை. அவள் வருவாள் என்று தெரியாதபோது ஏங்கியதைவிட, தெரிந்த பிறகு ஏங்குவதுதான் கஷ்டமாக இருக்கிறது. மலையில் வண்டி ஓட்டும்போது பக்கத்து சீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். அவளை ஒரு தடவைகூட வெள்ளிமலைக்குக் கூட்டிப் போனதில்லை.

போன வாரம் பெரியவள் கேட்டாள், "அம்மா வந்தா எங்கப்பா படுக்கும்?" திரும்பிப் பார்த்தால் நிஜம்தான். நாம் மூவரும் கட்டில் முழுக்கப் பரவிவிட்டிருக்கிறோம். அன்றிலிருந்து சுவர் ஓரமாக ஓர் ஆள் இடம் விட்டுப் படுக்கப் பழகுகிறோம். சின்னவளே, காலையில் பார்த்தால் அங்கே உன் கால்தான் கிடக்கிறது. நான் எடுத்து இந்தப் பக்கம் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன்.